கவசக்காரனின் முகம்

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் அளவுக்கு இல்லை. படம் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னோடு வாதாடுவதில்லை. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பார்வை இல்லாதவனிடம் சினிமாவைப் பற்றி வாதாடுவது ஏதோ செய்யக்கூடாத காரியம் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. "அப்படிங்களா, சரிதான் சார்" என்று நழுவிவிடுவார்கள். உலகத்தில் எனக்குப் பிடிக்காத சொற்கள் இரண்டு. ஒன்று "சரிதான்". இன்னொன்று "பாவம்".

என் தீர்ப்புக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் எடுத்தவர்களை விட அவளுக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். தலைக்கு மேலே நான்கு டியூப் லைட். ஒரு சட்டைக்கு ஒன்றரை நிமிடம். காலர், தோள், கை, பொத்தான் பட்டை, அடி மடிப்பு, பிறகு திருப்பிப் போட்டு முதுகு. எங்கே தையல் தாண்டியிருக்கிறதோ, எங்கே துணியின் நிறம் ஒரு இழை மாறியிருக்கிறதோ, அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அந்த ஸ்டிக்கர்கள் அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். அவள் முந்தானையில், பையில், ஒருமுறை என் சோற்றுத் தட்டின் விளிம்பில்கூட என் விரலுக்கு ஓர் அம்பு அகப்பட்டது. சோற்றில் என்ன குறை என்று கேட்டேன். "சாப்பிடுறவன்கிட்டதான் குறை" என்றாள்.

ஒருமுறை கப்பலேறத் தயாராக இருந்த ஆயிரத்து இருநூறு சட்டைகளை அவள் நிறுத்தி வைத்துவிட்டாள். காலர் துணியும் உடம்புத் துணியும் ஒரே வெள்ளை இல்லை என்றாள். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், மேலாளர் வந்து பார்த்தார், யார் கண்ணுக்கும் தெரியவில்லை. "நீ ஒருத்திதான் சொல்ற, கையெழுத்துப் போடும்மா" என்று கத்தினார்கள். அவள் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். கடைசியில் வெயிலில் கொண்டுபோய் விரித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வெள்ளை. அன்றிலிருந்து அவள் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு பெட்டி நகராது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் அக்கா இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐந்து வயது, அவளுக்கு ஒன்பது. வீட்டில் டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. "இவனுக்கு எதுக்கு, உள்ள போய்ப் படுக்கச் சொல்லு" என்று அப்பா சொன்னார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நான் சொல்றேன், நீ கேளு" என்றாள். முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சொல்வதற்கு அவள் வைத்திருக்கும் சட்டம் கறாரானது. வசனத்தின் மேல் பேச மாட்டாள், இடைவெளியில்தான் பேசுவாள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்வாள். "கோபமா இருக்கான்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பல்லைக் கடிக்கிறான்" என்பாள், கோபத்தை நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நீலம் என்றால் எப்படி இருக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மற்றவர்களாக இருந்தால் குளிர்ச்சி, தண்ணீர் என்று ஏதாவது அளந்திருப்பார்கள். அவள், "நீலம்னா நீலம்தான். உன் ரெண்டு சட்டை நீலம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். அந்த நேர்மைக்காகவே அவளை நம்பினேன். என் சட்டையின் நிறம், மாத்திரை அட்டையில் இருக்கும் தேதி, எனக்கு வரும் கடிதம், எதிரில் நிற்கிறவர் சிரிக்கிறாரா இல்லையா, எல்லாமே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தியேட்டரில் எங்களுக்குக் கடைசி வரிசை ஓரம். அக்கா என் காதருகே குனிந்து தணிந்த குரலில் சொல்வாள். முதலில் பக்கத்தில் இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இடைவேளைக்குப் பிறகு அவர்களே இந்தப் பக்கம் சாய்ந்து கேட்பார்கள். இருட்டில் நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். நான் கண்ணாடி போடாமல் மனிதர்கள் நடுவில் உட்காருகிற இடம் அது ஒன்றுதான்.

கண்ணாடியின் கதை சின்னது. நான் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். முன்வாசல் கவுன்டருக்குப் பக்கத்திலேயே என் மேஜை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நிர்வாகி தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க தம்பி, கறுப்புக் கண்ணாடி ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லா இருக்கும். வர்றவங்க கொஞ்சம் பயப்படுறாங்க" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலமே அக்காவை வாங்கி வரச் சொன்னேன். பதினொரு வருடம் ஆகிறது. வீட்டிலும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஜனங்கள் பயப்படும்படி என் முகத்தில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை, அக்காவிடம்கூட.

இனி 'கவசக்காரன்' படத்துக்கு வருகிறேன். முதல் பாகத்தில் அவன் ஒரு வெல்டர். பட்டறையில் கிடைத்த பழைய இரும்புக் கவசம் ஒன்றைத் தலையில் மாட்டியதும் அவனுக்குப் பேருந்தைத் தூக்குகிற பலம் வந்துவிடுகிறது. இடிந்து விழுகிற பாலத்தை முதுகால் தாங்குகிறான். வில்லனை ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் வைத்து முடிக்கிறான். கடைசியில் வீட்டுக்கு வருகிறான். வசனம் இல்லை, மெல்லிய இசை மட்டும். கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிற சத்தம். குழாயைத் திறக்கிற சத்தம். அவன் முகம் கழுவுகிறான்.

"முகம் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அவள் அப்படித் தாமதித்ததே கிடையாது. பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நல்ல கறுப்பு. கண்ணு பாதி மூடியிருக்கு, இப்பதான் தூங்கி எழுந்தவன் மாதிரி. தாடையைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சிருக்கான். வலது புருவம் மட்டும் ஏறி நிக்குது. சிரிக்கிறான், இடது பக்கம்தான் ஆரம்பிக்குது, பாதியிலேயே நின்னுடுது. இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம், சட்டைப் பொத்தான் அளவுக்கு."

"அழகா இருக்கானா?"

இந்தக் கேள்விக்கு அவள் எப்போதும், "அதை நீயே முடிவு பண்ணிக்கோ" என்பாள். அன்று, "அழகாத்தான் இருக்கான்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் பாதி மூடிய ஒருவன் பாலத்தைத் தாங்குகிறான்! அவனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை, விசில் அடிக்கிறார்கள். அந்தப் படத்துக்கு அக்காவை இன்னும் மூன்று முறை இழுத்துக்கொண்டு போனேன். நான்கு முறையும் அதே இடத்தில் அதே முகத்தைத்தான் சொன்னாள், ஒரு சொல் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் டீ நேரத்தில் அந்த முகத்தை விவரித்துப் பெருமை அடித்துக்கொண்டேன். லிஃப்ட் ஆபரேட்டர் தம்பி அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிதாண்ணே" என்றான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. 'இந்த முறை முகம் தெரியும்' என்று ரேடியோவில் விளம்பரம். கதையில் வருகிற ஊர்க்காரர்களுக்கு முகம் தெரியப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். நமக்குத்தான் முன்பே தெரியுமே என்று எனக்கு ஒரு மிதப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. அக்காவின் வீட்டுக்காரர், மாமாவும் வந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாளையும் தூங்கியே கழிப்பார். தியேட்டரிலும் பெயர் போடுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சந்தை நடுவில் வில்லன் கவசத்தை உடைக்கிறான். இரும்பு இரண்டாகப் பிளந்து விழுகிற சத்தம். தியேட்டரே எழுந்து கத்தியது. அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுக்கா."

"கவசம் உடைஞ்சிடுச்சு."

"அது கேட்டுச்சு. அப்புறம்?"

"செவப்பா ஒருத்தன். ஒட்டின கன்னம். பெரிய கண்ணு, முழுசாத் தொறந்திருக்கு. மழமழன்னு ஷேவ் பண்ணியிருக்கான்."

"யாரு அது?"

"கவசக்காரன்தான்."

"எந்தக் கவசக்காரன்?"

"எத்தனை பேர்டா இருக்காங்க? அவன்தான்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "என்ன அநியாயம் இது! ஆளை மாத்திட்டாங்களா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். முன் வரிசைகளில் சிரிப்பு. ஒருவர் திரும்பி, நல்ல மனதோடுதான் சொன்னார்: "மாத்தலைங்க. முதல் படத்துல முகமே காட்டலையே. முழுக்க கவசம், இல்லாட்டி முதுகுதான். அதுதானே அந்தப் படத்தோட விசேஷமே."

நான் அக்கா பக்கம் திரும்பினேன். 

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் எழுந்துவிட்டேன். மாமாவை எழுப்பிக்கொண்டு வெளியே வந்தோம். பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"பொய் சொன்னியாக்கா?"

"அந்தப் படத்துல முகம் காட்டல. அது உண்மைதான்."

"அப்ப நீ நாலு தடவை சொன்னது?"

"சொல்றேன். ஆனா இன்னைக்கு இல்ல."

"ஏன்?"

"இப்ப நீ சண்டை போடுற மூடுல இருக்க. என்ன சொன்னாலும் உன் காதுல ஏறாது."

மன்னிப்பு இல்லை, சமாளிப்பு இல்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிற அதே குரல். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. படம் போனால் போகிறது. ஒரு முகத்தை இவளால் இட்டுக்கட்ட முடிந்தது என்றால், வேறு எதையெல்லாம் இட்டுக்கட்டியிருப்பாள்? என் நீலச் சட்டை நீலம்தானா? டாக்டர் எழுதிய சீட்டில் அவள் படித்துக் காட்டியதுதான் இருந்ததா? "எல்லாரும் சிரிக்கிறாங்கடா" என்று அவள் சொன்ன இடங்களில் எல்லாரும் முகம் சுளித்துக்கொண்டிருந்தார்களா? முப்பது வருடமாக நான் நடந்துகொண்டிருந்த தரை ஒரே நாளில் ஆட்டம் கண்டுவிட்டது. பயமாக இருந்தது. பயத்தை ஒப்புக்கொள்கிற ஆள் நான் இல்லை, அதனால் கோபமாகவே வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சோதனை தொடங்கினேன். என்ன ஆனாலும் அவள் பொய்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து அவள் முன்னால் வைப்பது என்று முடிவு. போட்டிருந்த சட்டையின் நிறத்தை வாட்ச்மேனிடம் கேட்டேன், மருந்துக் கடைப் பெண்ணிடம் கேட்டேன், பத்தாதென்று போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு நர்ஸை நேரில் வரச் சொல்லிக் கேட்டேன். மூன்று பேரும் நீலம் என்றார்கள். பழைய கடிதங்களை ஒரு கட்டு எடுத்துப் போய் லிஃப்ட் தம்பியைப் படிக்கச் சொன்னேன். அக்கா படித்த மாதிரியேதான் இருந்தது, அவள் வேகமாகப் படிப்பாள், இவன் திக்கித் திக்கிப் படித்தான். மாத்திரைத் தேதியும் சரி, டாக்டர் சீட்டும் சரி. ஒரு வாரம் கழித்தும் என் கையில் ஒரு பொய்கூடச் சிக்கவில்லை. அது என் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. அக்கா எப்போதும்போல் எனக்குச் சோறு போட்டாள், சட்டையை எடுத்து வைத்தாள், "நீலம்" என்றாள். "தெரியும், விசாரிச்சிட்டேன்" என்றேன். "நல்லது" என்றாள்.

இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்த அதே தியேட்டரில் முதல் பாகத்தையும் ஞாயிறு காலைக் காட்சியாகப் போட்டார்கள். அக்காவிடம் சொல்லாமல் லிஃப்ட் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் சொன்ன படம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு காட்சியாக ஒத்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன்.

தம்பி தங்கமான பையன், ஆனால் படம் சொல்லத் தெரியாது. "ஐயோ, செமண்ணே!" என்பான்.

"என்னடா செம?"

"அடிக்கிறாண்ணே!"

"யாரு யாரை?"

"அவன் இவனைண்ணே!"

அரை மணி நேரத்தில் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பிறகு நானே கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பாலத்துக் கம்பியில் எத்தனை புறா? எண்ணிப் பார்த்து, "ஏழு" என்றான். அக்காவும் ஏழு என்றுதான் சொல்லியிருந்தாள். பட்டறை மூலையில் இருக்கிற வாளி என்ன நிறம்? மஞ்சள். சரி. வில்லன் இரண்டாவது முறை வரும்போது அவன் கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைப் பார் என்றேன்.

"அதுல என்னண்ணே?"

"தைச்ச நூல் வேற நிறமா இருக்கும்."

வில்லன் வந்ததும், "அட ஆமாண்ணே! மத்ததெல்லாம் கறுப்பு நூலு, இது மட்டும் பழுப்பு! இதை எவன் பார்ப்பான்?" என்றான். என் அக்கா பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வந்தது அதற்கு இல்லை என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. இசை. கவசத்தைத் தரையில் வைக்கிற சத்தம். குழாய்.

"இப்ப சொல்லு. முகம் எப்படி இருக்கு?"

"தெரியலண்ணே. முதுகுதான் தெரியுது. கழுத்துல தண்ணி வழியுது. அவ்வளவுதான்... படம் முடிஞ்சிடுச்சு."

ஆக, அது ஒன்றுதான். இரண்டரை மணி நேரத்தில் அவள் சொன்ன நூறு விஷயமும் சரி, இது ஒன்று மட்டும் கற்பனை. விளக்குப் போட்டார்கள், ஆட்கள் எழுந்து நடக்கிற சத்தம். நான் எழுந்திருக்கவில்லை. அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நல்ல கறுப்பு, பாதி மூடிய கண், தூக்கிய தாடை, ஏறி நிற்கிற வலது புருவம், இடது பக்கம் ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற சிரிப்பு, காதுக்குக் கீழே மச்சம்.

"இப்படி ஒரு முகத்தை அவ ஏண்டா கற்பனை பண்ணணும்?" என்றேன்.

தம்பியின் இருக்கை கிறீச்சிட்டது.

"சரிதாண்ணேன்னு மட்டும் சொல்லிடாத. எதுவா இருந்தாலும் வெளிப்படையாச் சொல்லு."

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். "மூணு வருஷம் முன்னாடி டீ நேரத்துல நீங்க சொன்னப்பவே எனக்குப் பாதி தோணுச்சு. அந்தத் தாடையும் புருவமும் எங்கியோ பார்த்த மாதிரி இருந்துச்சு. ஆனா உங்க கண்ணை நான் பார்த்ததே இல்லையா, அதனால ஒண்ணும் சொல்லல. இன்னைக்குத்தான் கண்ணாடி இல்லாம பார்க்கிறேன்." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "அது நீங்கதாண்ணே."

"என்னடா உளறுற?"

"இப்பகூட தாடையைத் தூக்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கீங்க. வலது புருவம் ஏறித்தான் இருக்கு. லிஃப்ட்டுல நீங்க சிரிக்கிறப்ப இடது பக்கம்தான் ஆரம்பிக்கும். பாதியில நிறுத்திடுவீங்க."

"மச்சம்?"

"இருக்குண்ணே. பொத்தான் அளவுதான்."

இடது காதுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். வழவழவென்று வெறும் தோல். முப்பத்தைந்து வருடமாக என் மேல் இருக்கிற மச்சம் என் விரலுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி பதறிப்போய், "வேணும்னே சொல்லலண்ணே" என்றான். அவனைத் தட்டிக் கொடுத்து எழுந்தேன். "பயமா இருக்காடா?" என்று கேட்டேன். "என்னது?" என்றான். "என் கண்ணு." "தூங்கி எழுந்த மாதிரி இருக்குண்ணே, வேற என்ன" என்றான்.

வீட்டுக்குப் போனபோது அக்கா சமையல் மேடையருகே நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மாமா உள்ளே குறட்டை. நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"முதல் பாகம் பார்த்துட்டு வர்றேன்."

கத்தி நின்றது. "யார் சொன்னா?"

"லிஃப்ட் தம்பி."

"நல்லாச் சொன்னானா?"

"மோசம். ஆனா கடைசில ஒண்ணு சரியாச் சொன்னான்."

கத்தியைக் கீழே வைத்தாள். கை கழுவுகிற சத்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. இப்ப சொன்னா கேப்ப" என்றாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"நீ முகம் எப்படி இருக்குன்னு கேட்ட. திரையில முகம் இல்ல. முதுகுதான் தெரியுதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் பக்கம் திரும்பினேன். கண்ணாடி இல்லாம உக்காந்திருந்த, திரை வெளிச்சம் முழுக்க உன் மூஞ்சில விழுந்துச்சு. பதினொரு வருஷமா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒளிச்சு வச்ச மூஞ்சியை... அதைத்தான் சொன்னேன்."

முதல் பாகம் வந்தபோது கண்ணாடி போட்டு எட்டு வருடம்தான் ஆகியிருந்தது என்று கணக்குத் திருத்த வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"பார்க்காத எதையும் நான் உனக்குச் சொன்னதில்லடா. அதையும் பார்த்துத்தான் சொன்னேன். என்ன, திரையில பார்க்கல."

"அதை என் முகம்னே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா? அக்கா ஆறுதலுக்குச் சொல்றான்னு தூக்கிப் போட்டிருப்ப. அவன் முகம்னதும் மூணு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

 "அப்ப இரண்டாம் பாகத்துலயும் அதே முகத்தையே சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றேன்.

"அங்க ஒரு முகம் இருந்துச்சு. இருக்கிறப்ப இருக்கிறதைத்தான் சொல்ல முடியும். எனக்கு வேற மாதிரி வராது."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாம்க்கா."

"நீ கேட்டதே இல்லையேடா" என்றாள். முதல் முறையாக அவள் குரல் தடுமாறியது. "எவன் எவன் மூஞ்சியையோ கேட்ட. போஸ்ட்மேன் மூஞ்சி, மேனேஜர் மூஞ்சி, டிவியில செய்தி வாசிக்கிறவ மூஞ்சி. உன்னோடதை ஒருநாள் கேட்டியா?"

கேட்டதில்லை. உண்மைதான். பயப்படும்படி இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பினேன், சட்டைக் காலரில் ஒரு இழை மாறினால் கண்டுபிடிக்கிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும்.

"அப்ப இப்ப கேக்குறேன்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தேன்.

அவள் என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெங்காய வாசனை. காலரில் தொடங்கி அடி மடிப்பு வரை பார்க்கிறவள் அல்லவா, அவசரப்படவில்லை. நெற்றியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலது காதோரம் நான்கு நரை என்றாள், அது போன முறை இல்லையாம். ஒன்றரை நிமிடத்தைவிட வெகுநேரம் ஆனது. முடித்ததும், என் சட்டையில் ஏதோ ஒட்டியிருந்ததைப் பிய்த்துப் போட்டாள். சிவப்பு அம்பாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பாகத்தின் மிச்சப் பாதியைப் பார்க்கப் போனோம். "கண்ணாடி எங்கடா?" என்று பேருந்தில் கேட்டாள். வீட்டில் இருக்கிறது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். படத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு இடைவெளி விடாமல் சொன்னாள். கப்பல் எரிகிறது, கட்டடம் சரிகிறது, செலவு நிறையச் செய்திருக்கிறார்கள். அந்த ஒட்டின கன்னக்காரனும் அவனால் முடிந்ததைச் செய்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுநாள் வேலைக்கும் கண்ணாடி இல்லாமல்தான் போனேன். நிர்வாகி என் மேஜை அருகே வந்து நின்றார், செருமினார். "சொல்லுங்க சார்" என்று முகத்தை அவர் பக்கம் நன்றாகத் திருப்பினேன். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார். போனை எடுத்துப் பேசுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. கவுன்டருக்கு வந்தவர்களும் தங்கள் டாக்டரைத்தான் தேடினார்கள்.

டீ நேரத்தில் கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். "என்ன சார், கவசக்காரன் ரெண்டாம் பாகம் பார்த்தாச்சாமே. எப்படி, முதல் பாகம் மாதிரி வருமா?"

"வராது சார்" என்றேன். "ஹீரோவை மாத்திட்டாங்க."

"அப்படிங்களா, சரிதான்" என்று அவர் ஆரம்பித்தார். லிஃப்ட் தம்பிக்குப் புரையேறி, டீ முழுக்கத் தன் சட்டையில் கொட்டிக்கொண்டான்.